1965இல் ஒரு மரக்கால் நெல்

வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ‘1965இல் விலைவாசி’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. தங்கம் 10 கிராம் 70 ரூபாய்ச் சொச்சம். டாலர் 4 ரூபாய் 76 பைசா. டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் நாலணா. கடைசியில் ‘அதெல்லாம் ஒரு காலம்’ என்று ஒரு பெருமூச்சு. அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்கள்.

பட்டியலில் பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு அந்த வருஷத்துத் தஞ்சாவூர் ஜில்லாவைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் கணக்கு உதைக்கும். (நாகப்பட்டினம், திருவாரூர், மாயவரம் எல்லாம் சேர்ந்து அப்போது ஒரே ஜில்லா.) இங்கே பலருக்கு ரூபாய் என்பது இரண்டாவது நாணயம்தான். முதல் நாணயம் நெல்.

கூலி நெல். குத்தகை நெல். வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர், தலையாரி, வெட்டியான் என்று ஊருக்கு உழைத்தவர்களுக்கு அறுவடைக் களத்திலேயே ஆளுக்கு ஒரு பங்கு நெல். அந்தப் பங்குக்கு ஊர் வழக்கில் பெயர் ‘சுதந்திரம்’. “1947க்கு முன்னாலேயே நம்ம ஊர்ல சுதந்திரம் இருந்துச்சு, மரக்கால்ல அளந்து குடுப்பாங்க” என்று அப்பா கிண்டலாகச் சொல்வார். வாசலுக்கு வரும் உப்புக்காரர், கருவாட்டுக்காரம்மா, சட்டிபானைக்காரர் எல்லாருமே நெல்லை வாங்கிக்கொண்டு சரக்கைக் கொடுப்பார்கள். ரூபாய் நோட்டு வேண்டியதெல்லாம் வரி கட்ட, துணி எடுக்க, மருந்து வாங்க, பஸ்ஸேற, சினிமா பார்க்க.

அப்படியானால் அந்த நாணயத்தை எப்படி எண்ணினார்கள்? 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. சிக்கல் அளக்கிற கையில் இருந்தது.

அப்பாயி (அப்பாவின் அம்மா) படியை எடுத்து நெல் அளக்க உட்கார்ந்தால் முதல் படியை ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டார். ‘லாபம்’ என்பார். அப்புறம் ரெண்டு, மூணு என்று போகும். ‘லாபம்’ என்று நீட்டிச் சொல்கிற நேரத்தில் வலது கை நெல்லை வாரிவிடும், இடது கை படியின் வாயை அணைத்து நிற்கும். அணைத்தால் நெல் கோபுரமாக நிற்கும்; கையை எடுத்தால் சரிந்துவிடும். சிலர் உள்ளங்கையால் தலையைத் தட்டி மட்டமாக்கிவிடுவார்கள். படியின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கிற நெல் அமுங்கி இன்னும் ஒரு பிடி கொள்ளும். வாங்கும்போது தட்டுவார்கள், கொடுக்கும்போது தட்டமாட்டார்கள். அப்பாயியும் அப்படித்தான் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. கூலிக்கு நின்ற அம்மாள் ஒருத்தி ஒருநாள், “தலையில கைய வைக்காம அளங்கம்மா” என்றார். அப்பாயி பதில் சொல்லவில்லை. அந்த ஒரு படியை மட்டும் கோபுரமாக அளந்தார். அடுத்த படிக்குக் கை தானாகத் தலைக்குப் போய்விட்டது.

ஒரு வீட்டுத் திண்ணையில் இது ஒரு பிடி நெல். பெரிய பண்ணையின் களத்தில், நூறு பேருக்கு அளக்கும்போது, இது பல மூட்டை. வாங்குகிற மரக்கால் வேறு, கொடுக்கிற மரக்கால் வேறு என்ற புகார் வெகுகாலத்துப் புகார். 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது, சாட்டையடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலுக்கும் எதிரான குரலோடு, அரசாங்க முத்திரை குத்திய மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் கேட்கப்பட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். நெல்லே நாணயமாக இருக்கிற ஊரில் கள்ள மரக்கால் என்றால் கள்ள நோட்டு.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் அளவு, எடை, காசு மூன்றையும் மாற்றியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. எடைகள் 1958 கடைசியிலிருந்து படிப்படியாகக் கிலோவுக்கு மாறின. சட்டம் மாறியதே தவிர வாய் மாறவில்லை. இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் 25 பைசா என்றால் முழிப்பார்கள், நாலணா என்றால் புரியும்.

அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருந்தது. ஓர் அணா என்பது 6 பைசா. இரண்டணா 12. மூன்றணா 19. நாலணா 25. ஓரணாவுக்கு நாலு தடவை மிளகாய் வாங்கினால் 24 பைசா. மொத்தமாக நாலணாவுக்கு வாங்கினால் 25. ஒரு பைசாவுக்குக் கடைக்காரரோடு சண்டை போடாத பையன் அந்தத் தலைமுறையில் கிடையாது. 1964இல் 3 பைசா நாணயம் வந்தபோது அதை ‘அரையணா’ என்று கூப்பிட்டவர்கள் உண்டு. பழைய அரையணாவின் இடத்தில் அது அப்படியே உட்கார்ந்துகொண்டது.

பட்டியலின் முதல் வரியில் இருக்கிற தங்கத்துக்கும் ஒரு சங்கதி உண்டு. பவுன் 60 ரூபாய்க்குள் என்று படித்ததும் நமக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனால் 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டினால் 14 காரட்டுக்கு மேல் புதிதாக நகை செய்யக்கூடாது என்று ஆகிவிட்டது. பழைய நகையை அழித்துச் செய்துகொள்ளப் பிறகு வழிவிட்டார்கள். தடை விலகியது 1966இல்தான். ஆக, அந்தப் பட்டியல் விலைக்கு, பெண்ணுக்குப் போட நினைத்த 22 காரட் சங்கிலியைக் கடையில் போய் நேராக வாங்கிவர முடியாது. கும்பகோணத்திலும் மாயவரத்திலும் பட்டறை வைத்திருந்த பத்தர்கள் பலர் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். நாட்டின் பல இடங்களில் பொற்கொல்லர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்தி பேப்பரில் வந்தபடியே இருந்தது. விலை மலிவு, ஆனால் கைக்கு வராது. அரிசிக்கும் அதே கதைதான்.

இனி அரிசிக்கு வருவோம். 1965 ஜனவரி 14, தைப் பொங்கல். அன்றைக்கு இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, எம்.ஜி.ஆர். இரட்டை வேடம் போட்ட ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வெளியானது. இன்னொன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது; நாட்டிலேயே அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது. முதல் செய்தியை ஜில்லா முழுக்கப் பேசினார்கள். இரண்டாவதை மிராசுதார்களும் நெல் வியாபாரிகளும் ரைஸ் மில்காரர்களும் மட்டும் கவலையோடு கவனித்தார்கள். இன்று திரும்பிப் பார்த்தால், ஜில்லாவின் அன்றாடத்தை அதிகம் மாற்றியது இரண்டாவதுதான்.

அது ஏன் தஞ்சாவூரில் என்பதற்கு முந்தைய வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1957 முதல் சென்னை, ஆந்திரம், மைசூர், கேரளம் நான்கும் சேர்ந்து ஒரே அரிசி மண்டலம். உபரி இருக்கிற இடத்திலிருந்து பற்றாக்குறை இருக்கிற இடத்துக்குச் சரக்கு தாராளமாகப் போகும். 1964இல் விலை ஏறியதும் அந்த மண்டலம் உடைந்து மாநிலத்துக்கு மாநிலம் வேலி விழுந்தது. ஆந்திர அரிசி முன்போல வராத நிலையில், சென்னையும் மற்ற வறண்ட ஜில்லாக்களும் யாரை நம்புவது? தஞ்சாவூரைத்தான். ஆகவே இங்கே விளைகிற நெல்லில் ஒரு பங்கை அரசாங்கம் தான் சொல்லும் விலைக்கு எடுத்துக்கொண்டது, அதற்குப் பெயர் லெவி; மீதி வெளியே ஓடிவிடாமல் இருக்க எல்லையில் செக்போஸ்ட். பெர்மிட் இல்லாமல் நெல்லை ஜில்லாவைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது.

விளைவு விசித்திரமாக இருந்தது. பத்தாயம் நிறைய நெல் வைத்திருந்தவர், வேலியின் இந்தப் பக்கம் விலை குறைவு என்பதால் லெவிக்குக் கொடுக்க மனமில்லாமல் பதுக்கப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அதே அரிசிக்கு இரட்டிப்பு ஆசை. நடுவில் கடத்தல் ஒரு தொழிலாகவே ஆனது. மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் மூட்டை, ரயிலில் ஆளுக்கு ஒரு சின்னப் பை. களத்தில் நெல்லாகக் கூலி வாங்கியவருக்கு அறுப்புக் காலத்தில் சோறு நிச்சயம். ஆனால் வேலையில்லாத கோடையில் கடையில் போய்க் காசு கொடுத்து அரிசி வாங்கவேண்டி வரும்போது அரிசி இருக்காது, இருந்தால் விலை எட்டாது. நெல் விளைகிற ஊரில் ரேஷன் கடை வாசலில் கோதுமைக்கு நின்றதாகப் பெரியவர்கள் சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. நடந்தது அதுதான். 1965இலும் 66இலும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்து, பி.எல். 480 ஒப்பந்தத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் ரவையாக உடைத்துக் கஞ்சி காய்ச்சிய வீடுகள் இங்கே ஏராளம். சப்பாத்தி அப்போது ஆஸ்பத்திரிப் பண்டம். சர்க்கரை வியாதிக்காரர் சாப்பிடுவது.

அரசாங்கம் வேலி போட்டதோடு நின்றுவிடவில்லை, விளைச்சலைக் கூட்டவும் பார்த்தது. 1960–61இல் நாட்டில் தீவிர விவசாயத் திட்டத்துக்கு முதலில் எடுத்துக்கொண்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஊர் வழக்கில் ‘பேக்கேஜ் திட்டம்’. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரு பொட்டலமாக. உரத்தை யாரும் உரம் என்று சொன்னதில்லை, ‘உப்பு’ என்பார்கள். “உப்புப் போட்டியா?” என்றால் சமையல் விசாரணை இல்லை. அந்தத் திட்டத்தின் உச்சம் ஆடுதுறை 27, அதாவது ஏ.டி.டி. 27. ஜப்பானிய ரகத்தை நம் ரகத்தோடு ஒட்டி ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. 105 நாளில் அறுவடை. குறுகிய காலப் பயிரான குறுவைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனியில் தண்ணீர் வந்து நாற்று விட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அறுத்துக் களத்தைக் காலி செய்துவிட்டு அடுத்த போகமான தாளடிக்கு உழவு ஓட்டலாம்.

இந்த ரகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது வேளாண்மை அலுவலரின் சைக்கிள் மட்டும் இல்லை, திருச்சி வானொலி நிலையமும்தான். 1939இலிருந்தே ஒலிபரப்பிய நிலையம் அது. இந்த ஆண்டுகளில் விவசாய நிகழ்ச்சிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்து, எப்போது விதைக்கணும், எவ்வளவு உப்பு, பூச்சிக்கு என்ன மருந்து என்று பேச்சு வழக்கிலேயே சொல்லிக்கொடுத்தது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. விதைக் கடையில் போய் “ரேடியோ நெல் இருக்கா?” என்று கேட்டார்கள் என்றால், ஒரு ஊடகம் எவ்வளவு தூரம் நிலத்துக்குள் இறங்கியது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். குறை இல்லாமலும் இல்லை. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளை விட்டுவிடும் என்ற புலம்பல் இருந்தது. ஈர நெல்லைக் காயவைக்க இடமில்லாமல் தார்ச்சாலையில் பரப்பும் வழக்கம் இப்போதும் குறுவைக்குக் குறுவை தொடர்கிறது.

ஒரே ரேடியோவில்தான் எல்லாம் வந்தது. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், தபால் ஆபீஸில் பணம் கட்டவேண்டும். அதனால் ஊருக்குச் சிலரிடம்தான் இருக்கும். மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. மேட்டில் ஒரு கட்டடம், உள்ளே பூட்டிய பெட்டி, உச்சியில் குழாய் ஸ்பீக்கர். சாயங்காலம் அதைத் திருப்பிவிடுகிற ஆள் வராவிட்டால் ஊருக்கே செய்தி இல்லை. ஆறு மணிக்கு விவசாயம், பிறகு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. அதற்கப்புறம் சொந்த ரேடியோ வைத்திருந்தவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விடுவார்கள். டெல்லி நிலையம் சினிமாப் பாட்டை அளந்து அளந்து கொடுத்த காலத்தில் இலங்கையின் வர்த்தக ஒலிபரப்பு அள்ளிக் கொடுத்தது. கடலுக்கு இந்தப் பக்கம்தானே நாம். கோடியக்கரையிலிருந்து பார்த்தால் சென்னையைவிட யாழ்ப்பாணம் கிட்டே. வேதாரண்யம் பக்கம் உள்ளூர் ஸ்டேஷன் மாதிரித் தெளிவாகக் கேட்கும். இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரலை இங்கே மிமிக்ரி செய்யாத கல்லூரிப் பையன் இல்லை.

இலங்கை வெறும் பாட்டாகவும் இருக்கவில்லை. எழும்பூரில் கிளம்பும் போட் மெயில் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத்தான் தனுஷ்கோடிக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். 1964 அக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழர் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு வரவேண்டும் என்று ஆனபோது, அந்த ரயிலில்தான் அவர்கள் வந்திறங்குவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டே மாதம். டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே இல்லாமல் போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போய்விட்டது. செய்தி வந்து சேரவே நேரம் பிடித்தது. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது ராமேஸ்வரத்தில் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டதும், அத்தனை சாவுக்கு நடுவில், டீக்கடையில் முதல் கேள்வி அவர்களைப் பற்றித்தான் இருந்தது. மனித மனசு அப்படி.

நாகூர், நாகப்பட்டினம் பக்கத்துக்கு இலங்கையைவிடப் பினாங்கும் சிங்கப்பூரும் கிட்டே. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் வந்து நிற்கிறது என்றால் மாமா வருகிறார், கூடவே டிரான்சிஸ்டரும் செண்டு பாட்டிலும் வருகிறது என்று அர்த்தம். 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்த செய்தியை டெல்லியில் எத்தனை பேர் கவனித்தார்களோ, நாகூரில் ஒவ்வொரு வீட்டிலும் அதை ஒரு கடிதத்தோடு சேர்த்துத்தான் படித்தார்கள்.

சினிமாவைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று. டூரிங் கொட்டகை, மணல் குவித்து உட்காருவது, இடைவேளை முறுக்கு, நான் வேறு எழுத வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் நியூஸ் ரீல் கட்டாயம். பேப்பர் படிக்கத் தெரியாதவர்களுக்கு நாட்டின் முகம் அங்கேதான் தெரிந்தது. 1964 மே 27இல் நேரு இறந்ததை ரேடியோவில் கேட்டார்கள், பேப்பரில் படம் பார்த்தார்கள். ஊர்வலம் நகர்வதைப் பார்த்தது நியூஸ் ரீல் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோதுதான். செய்தி பழசாகியிருக்கும், அழுகை புதிதாக இருக்கும்.

பொங்கல் முடிந்து பன்னிரண்டாம் நாள், 1965 ஜனவரி 26, இந்தி முதன்மை ஆட்சிமொழி ஆகும் நாள். முந்தின நாளே மதுரையில் கலவரம் தொடங்கிவிட்டது. 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மார்ச் 15இல் மாயவரத்தில் கல்லூரி மாணவர் சாரங்கபாணி தீக்குளித்து இறந்தார். கல்லூரிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்து இருந்த இடத்தில் தார். வெளியூரில் படித்த எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் எல்லாரும் திடீரென்று வீடு வந்து சேர்ந்தார்கள். பஞ்சாயத்து ரேடியோ மேட்டில் அவர்கள் பேசியதைக் களத்து வேலைக்காரர்கள் நின்று கேட்டார்கள். டெல்லி ரேடியோ ஒன்று சொல்லும், அந்தப் பையன்கள் வேறொன்று சொல்வார்கள். ரேடியோ சொல்வது முழு உண்மை இல்லை என்று ஊருக்கு முதன்முதலாக உறைத்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர். திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னார் சாஸ்திரி. பலர் மனப்பூர்வமாக விட்டார்கள். சிலருக்கு எந்த இரவு திங்கட்கிழமை என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தார். ஜூன் 6இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள்; பட்டியலில் 4.76 என்று இருக்கிற டாலர் ஒரே நாளில் 7.50.

அதே 1966இல் கீழத் தஞ்சையில் நெல் உற்பத்தியாளர் சங்கம் உருவானது. பெயர் அப்படியே தவிர, அது நிலக்காரர்களின் சங்கம். விலைவாசி ஏறிய அளவுக்குக் கூலி நெல் ஏறவில்லை என்று தொழிலாளர்கள் கேட்கத் தொடங்க, வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பு நடந்தது. கூடக் கேட்டது கலத்துக்கு அரைப்படி கணக்கில்தான். அந்த வாக்குவாதம் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் எரித்ததில் போய் நின்றது. கள்ள மரக்கால் என்றால் கள்ள நோட்டு என்று மேலே எழுதினேன். நோட்டுக்காக இத்தனை பேரை எரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கு முன்னால் 1967 தேர்தல். “பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?” என்று அப்போதைய முதலமைச்சரைக் கேட்கும் கோஷம் சுவருக்குச் சுவர். நாகூர் ஹனீபாவின் குரல் மேடைக்கு மேடை. தி.மு.க.வின் வாக்குறுதி: ரூபாய்க்கு மூன்று படி அரிசி. கிலோ சட்டமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. கடைகளில் எடைக்கல்லை மாற்றியாயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் லிட்டர் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். இருந்தும், ‘ரூபாய்க்கு நாலரைக் கிலோ’ என்று சொல்லியிருந்தால் கோஷம் எடுபட்டிருக்காது. ஓட்டுப் போடுகிறவர்கள் மனசுக்குள் எதால் அளக்கிறார்கள் என்பது அண்ணாவுக்குத் தெரிந்திருந்தது.

ஆட்சிக்கு வந்த பிறகு மூன்று படி லட்சியமாகி, ஒரு படி நிச்சயமானது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கொடுக்கப்பட்டது. தஞ்சாவூர் ஜில்லாவுக்கு அது வரவில்லை.